ஹெர்பிஸும் தாய்மையும்: அச்சம் இருக்க வேண்டிய இடம்

ஹெர்பிஸ் என்ற நோய்க்குத் தமிழ் வீடுகளில் புழங்கும் தனிப் பெயர் கிடையாது. விலாவிலோ இடுப்பிலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் படர்ந்தால் அதை அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. உதட்டோரத்தில் வந்தால் காய்ச்சல் கொப்புளம் என்றோ பூச்சிக்கடி என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். பிறப்புறுப்பில் வந்தால் எதுவுமே சொல்வதில்லை. இவற்றில் அக்கி என்பது, சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் உடலுக்குள்ளேயே தங்கியிருந்து பல ஆண்டுகள் கழித்துக் கிளம்புவதால் வருவது. உதட்டில் வருவதும் பிறப்புறுப்பில் வருவதும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறொரு வைரஸின் வேலை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வைரஸைப் பற்றியது. அது தம் உடலில் இருப்பதை அறிந்தபின் குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணும் தம்பதியருக்காக, குறிப்பாக நீலகிரியிலும் அதையொத்த மலைப்பகுதிகளிலும் வாழ்பவர்களுக்காக எழுதப்படுவது.

குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு விடை எளியது: பெற்றுக்கொள்ளலாம். பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகிறார்கள். அவர்களில் பலருக்குச் சுகப்பிரசவமே நடக்கிறது. உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, ஆனால் அது பெரும்பாலோர் தேடும் இடத்தில் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளாக அவ்வப்போது புண் வந்துபோகும் பெண் இரவெல்லாம் தூங்காமல் கவலைப்படுகிறார். ஒருமுறைகூடப் புண் வராத பெண், தன் கணவருக்கு ஹெர்பிஸ் இருப்பது தெரிந்தும், தனக்கு எதுவும் இல்லை என்ற நிம்மதியில் இருக்கிறார். மருத்துவக் கணக்கின்படி பார்த்தால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுபவர் இந்த இரண்டாவது பெண்தான். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால், எஞ்சிய அறிவுரைகள் எல்லாம் தாமாகவே பொருள்படத் தொடங்கிவிடும்.

முதலில் வைரஸின் இயல்பைப் பார்ப்போம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகைகள் உள்ளன, அவற்றை எச்.எஸ்.வி.-1, எச்.எஸ்.வி.-2 என்று மருத்துவர்கள் குறிப்பிடுவார்கள். முதல் வகை பெரும்பாலும் சிறுவயதிலேயே எச்சில் வழியாகத் தொற்றி உதட்டுப் புண்ணாக வெளிப்படுவது. வாய்வழி உறவின் மூலம் பிறப்புறுப்புக்கும் அது வரக்கூடும். இரண்டாம் வகை ஏறத்தாழ முழுவதும் உடலுறவால் பரவுவது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முதல் வகையைச் சுமக்கிறார்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேரிடம், அதாவது சுமார் 50 கோடிப் பேரிடம், இரண்டாம் வகை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்குத் தம்மிடம் அது இருப்பதே தெரியாது. அரிப்பு, நீர்க்கடுப்பு, சிறு கீறல் என்று நினைத்துக் கடந்துபோன ஒன்று, உண்மையில் ஹெர்பிஸாக இருந்திருக்கக்கூடும்.

பிறப்புறுப்பின் தோல் வழியாக உள்ளே நுழையும் வைரஸ், நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு மேலேறி, தண்டுவடத்தின் அடிப்பகுதியை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் போய் உறங்கத் தொடங்குகிறது. அங்கிருந்து அதை முழுவதுமாக அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. காய்ச்சல், அதிகக் களைப்பு, மாதவிலக்கு போன்ற சமயங்களில் அது விழித்து, வந்த நரம்பின் வழியே திரும்ப இறங்கி, தோலில் கொப்புளங்களைக் கிளப்புகிறது. உதட்டு ஹெர்பிஸைத் தூண்டுவதில் வெயிலுக்கும் பங்குண்டு. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புறஊதாக் கதிரின் வலு பத்து சதவீதத்துக்குக் குறையாமல் கூடுகிறது என்பதால், 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் குளிருக்கு இதமாக இருக்கும் பிப்ரவரி வெயில், தோலுக்கு அவ்வளவு இதமானதன்று. இது ஒரு சிறு இடைக்குறிப்புதான். ஆனால் பிறந்த குழந்தையை முத்தமிடுவதைப் பற்றிப் பேசும்போது இந்த உதட்டுப் புண் மறுபடியும் வரும்.

இந்த உறக்கம் இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. முதன்முறையாகக் கொப்புளம் தெரியும் நாளும் தொற்று ஏற்பட்ட நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் போயிருக்கலாம். ஆகவே, திருமணமாகி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மனைவிக்கோ கணவருக்கோ புண் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து, மற்றவர் தவறு செய்துவிட்டார் என்று முடிவு கட்ட முடியாது. மேகப்புண் என்ற பழைய சொல்லோடு ஒட்டிக்கொண்டுவரும் பழி, மருத்துவ அறையில் உட்கார வேண்டிய பேச்சைக் குடும்பப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது.

இனி, கர்ப்பத்துக்கு முந்தைய மாதங்கள். ஹெர்பிஸ் கருப்பையையோ கருக்குழாயையோ அடைக்காது. குழந்தையின்மைக்கு அது காரணமாவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஹெர்பிஸ் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதால் கரு கலைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. ஆனாலும் ஒருமுறை கரு கலைந்தவுடன் ‘டார்ச்’ என்ற இரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றை ஒரே தாளில் சோதித்துக் கொடுக்கும் இந்தத் தொகுப்பு பலரைத் தேவையில்லாமல் கலங்க வைத்திருக்கிறது. அதில் ஹெர்பிஸுக்கு எதிரே ‘பாசிட்டிவ்’ என்று அச்சாகியிருந்தால், பெரும்பாலும் அதற்குப் பொருள், எப்போதோ ஒரு காலத்தில் இரண்டில் ஏதோ ஒரு வகை வைரஸை அந்த உடல் சந்தித்திருக்கிறது என்பது மட்டுமே. சிறுவயதில் வந்த உதட்டுப் புண்கூட அந்தச் சொல்லை அச்சடிக்கப் போதுமானது. வைரஸை எதிர்க்க இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருட்களில் ஐ.ஜி.எம். என்ற பிரிவு ‘பாசிட்டிவ்’ ஆனால் புதிய தொற்று என்று சொல்வார்கள்; ஹெர்பிஸைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு நம்பத்தக்கதன்று, ஏனென்றால் பழைய தொற்று திரும்பும்போதும் அது உயரக்கூடும். என் கருத்தில், அந்தத் தாளில் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு உண்மையில் பயன்படும் வரி ருபெல்லாவுடையது. எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் கர்ப்பத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருக்கலாம்.

அப்படியானால் எது சரியான பரிசோதனை? புண் இருக்கும்போது, அதுவும் கொப்புளம் உடைந்து காய்வதற்குள், அதிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த நீரை, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதிப்பதே சிறந்தது. எந்த வகை என்பதையும் அது சொல்லிவிடும். புண் இல்லாதபோது, இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் பொருளுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துபார்க்கலாம். ஆனால் அதில் வரும் எண் வரம்பை ஒட்டிச் சற்றே மேலே இருந்தால், அது தவறான முடிவாகவும் இருக்கக்கூடும் என்பதால், வேறொரு முறையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாத எல்லோரும் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கப்படவில்லை. தம்பதியரில் ஒருவருக்கு ஹெர்பிஸ் இருப்பது தெரிந்து, மற்றவருக்குத் தெரியாதபோது மட்டும் அது பொருளுள்ள பரிசோதனையாகிறது.

பிறப்புறுப்பில் புண் என்றால் அது ஹெர்பிஸாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. மேகப்புண் என்று முன்னோர் அஞ்சிய சிபிலிஸாகவும் இருக்கலாம், அது கருவிலிருக்கும் குழந்தையை நேரடியாகவே தாக்கக்கூடியது. எனவே புண்ணோடு போகும்போது சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் சேர்த்தே செய்துகொள்வது நல்லது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கு இயங்கும் சுகவாழ்வு மையங்களிலும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்களிலும் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. தேசியத் திட்டத்தின்கீழ் பால்வினை நோய்களுக்கான மாத்திரைகள் நிறம் பிரித்த பொதிகளில் வழங்கப்பட்டு வந்திருக்கின்றன. ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் மாத்திரைகள் இருப்பது சிவப்பு நிறப் பொதியில்.

ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதியர் கருத்தரிக்க முயல்வதில் ஒரு முரண் இருக்கிறது. பரவலைக் குறைக்க ஆணுறை வேண்டும். கருத்தரிக்க அதை விட வேண்டும். இதற்கு வழி நாட்கணக்கில் இருக்கிறது. முட்டை வெளிப்படும் நாளோடு முடிகிற ஆறு நாட்களில் மட்டுமே கரு உண்டாக வாய்ப்புண்டு. அந்த நாட்களைக் கணித்து அப்போது மட்டும் ஆணுறையை விட்டு, மற்ற நாட்களில் பயன்படுத்தலாம். புண் இருக்கும்போதும், புண் வருவதற்கு முன்னோடியாகத் தோலில் குறுகுறுப்போ எரிச்சலோ தோன்றும்போதும், அந்த மாதத்து ஆறு நாட்கள் வீணானாலும் விலகியிருக்க வேண்டும். வெளியே எந்தப் புண்ணும் தெரியாத நாட்களிலும் வைரஸ் சிறிதளவு தோலிலிருந்து உதிர்ந்துகொண்டிருக்கலாம் என்பதால், ஹெர்பிஸ் உள்ளவர் அன்றாடம் மாத்திரை எடுத்துக்கொள்வது கூடுதல் காப்பாகிறது. 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இரண்டாம் வகை வைரஸ் உள்ளவர் வாலசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மருந்தை நாளுக்கு 500 மில்லிகிராம் எடுத்துக்கொண்டபோது துணைவருக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. இதெல்லாம் சரிவராத தம்பதியருக்கு, தோல் தொடர்பே இல்லாமல் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் முறையும் உண்டு. அதற்கு மலையிறங்கிக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருக்கும். கருத்தரிக்க முயலும் எல்லோரையும்போலவே, ஹெர்பிஸ் உள்ள பெண்ணும் முன்கூட்டியே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும்.

இப்போது, தொடக்கத்தில் பார்த்த இரண்டு பெண்களின் முரணுக்கு வருவோம். கர்ப்பம் உண்டாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஹெர்பிஸ் தொற்றிய பெண்ணின் உடல், அந்த வைரஸை அடையாளம் கண்டு தாக்கும் எதிர்ப்புப் பொருட்களை உருவாக்கி வைத்திருக்கிறது. கர்ப்ப காலத்தில், குறிப்பாகக் கடைசி மாதங்களில், இவை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்கின்றன. தாய் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்தனுப்பும் சோற்று மூட்டையைப்போல, பிறந்தபின் சில மாதங்களுக்குக் குழந்தையிடம் அந்தக் காப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட பெண்ணுக்குப் பிரசவ நேரத்தில் வைரஸ் வெளிப்பட்டாலும், அது பெரும்பாலும் குறைந்த அளவில், குறைந்த நேரமே வெளிப்படுகிறது. ஆகவே பழைய ஹெர்பிஸ் உள்ள தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கர்ப்பத்தின் முதல் பாதியில் புதிதாகத் தொற்றியிருந்தாலும் இதே கணக்குதான். பிரசவத்துக்குள் எதிர்ப்புப் பொருட்கள் உருவாகிக் குழந்தைக்குப் போய்ச் சேரப் போதிய காலம் இருக்கிறது.

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால் நிலைமை வேறு. வைரஸ் பெருமளவில், கருப்பை வாய் உட்படப் பல இடங்களில் பெருகுகிறது. எதிர்ப்புப் பொருட்கள் உருவாகச் சில வாரங்கள் ஆகும், குழந்தையோ அதற்குள் பிறந்துவிடுகிறது. வெறுங்கையோடு வைரஸைச் சந்திக்கும் அந்தக் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை போகிறது. ஒரு சதவீதத்துக்கும் கீழே, முப்பதுக்கும் மேலே என்ற இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலான தூரம்தான் இக்கட்டுரை சொல்லவந்த செய்தி. பச்சிளங்குழந்தை ஹெர்பிஸ் அரிய நோய். உலகம் முழுவதும் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ பத்து என்பது மதிப்பீடு. அரியது என்றாலும் கொடியது. அப்படி நோய்வாய்ப்படும் குழந்தைகளின் தாய்மாரில் மிகப் பலர், தமக்கு ஹெர்பிஸ் இருப்பதையே அறியாதவர்கள். அறிந்தவர்களுக்குத் திட்டமிட முடிகிறது.

எடுத்துக்காட்டாகக் கோத்தகிரிப் பக்கம் ஒரு தம்பதியரைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். திருமணத்துக்கு முன்பே அவருக்கு ஹெர்பிஸ் வந்திருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை புண் வரும். மனைவிக்கு ஒருபோதும் வந்ததில்லை. இரத்தப் பரிசோதனையிலும் இல்லை. ஏழாம் மாத வளைகாப்பு முடிகிறது. இந்த வீட்டில் யாரும் பேசாத, ஆனால் பேசியே ஆக வேண்டிய செய்தி, 28ஆவது வாரத்திலிருந்து பிரசவம் வரை இவர்கள் உடலுறவைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது என்பதுதான். கணவரின் உதட்டில் புண் வரும் வழக்கம் இருந்தால் வாய்வழி உறவையும் அதே காலத்தில் விட்டுவிட வேண்டும். மனைவியிடம் முதல் வகை இல்லாதபோது, உதட்டிலிருந்து பிறப்புறுப்புக்குப் போகும் புதிய தொற்று அதே அளவுக்கு ஆபத்தானது. நம் வழக்கத்தில் பல பெண்கள் வளைகாப்பு முடிந்தவுடன் தாய்வீட்டுக்குப் போய்விடுவதால், இந்த அறிவுரையைக் கடைப்பிடிப்பது மற்ற நாட்டவரைவிட நமக்கு எளிது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பழைய ஆட்கள் வைரஸை அறிந்து வைத்த வழக்கமன்று அது, ஆனாலும் பயன்படுகிறது.

இதே கற்பனையை மாற்றிப் போட்டு, மனைவிக்குத்தான் பழைய ஹெர்பிஸ் என்று கொள்வோம். முதல் கர்ப்பப் பதிவின்போதே அவர் கிராம சுகாதார செவிலியரிடமோ, அவரிடம் சொல்லக் கூசினால் நேரே மருத்துவரிடமோ இதைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவினர். செவிலியரின் அண்ணி அடுத்த வீட்டில் இருக்கலாம். அந்தத் தயக்கம் நியாயமானதே. அதற்காக ஒருவரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதைவிட, உதகையிலோ குன்னூரிலோ, சற்றுத் தள்ளியுள்ள மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவரிடம் தனியே போய்ச் சொல்லி, அவர் கைப்பட எழுதி வாங்கிய சீட்டைக் கர்ப்பப் பதிவேட்டோடு வைத்திருக்கலாம். பிரசவ அறையில் இருக்கும் மருத்துவருக்கு இது தெரியாமல் போவதுதான், இந்த நோயில் ஒரு தாய் செய்யக்கூடிய பெரிய பிழை.

கர்ப்ப காலத்தில் புண் வந்தால் அசைக்ளோவிர் கொடுக்கப்படும். இந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடலாமா என்ற ஐயத்தைத் தீர்க்க, 1984 முதல் 1999 வரை ஒரு பதிவேடு நடத்தப்பட்டது. மருந்தை உட்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்ததில், பிறவிக் குறைபாடுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. அவ்வப்போது வரும் புண்ணுக்கு மருந்து எடுப்பது ஒருபுறம் இருக்க, 36ஆவது வாரத்திலிருந்து பிரசவம் வரை தினமும் எடுத்துக்கொள்வது இன்னொரு முறை. வழக்கமான அளவு 400 மில்லிகிராம் அசைக்ளோவிர், நாளுக்கு மூன்று வேளை. வாலசைக்ளோவிர் என்றால் 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்புள்ளவர்களுக்கு மருத்துவர் இதை இன்னும் முன்பே தொடங்குவார். பிரசவ நாளில் புண் இருப்பதையும், அதனால் அறுவை தேவைப்படுவதையும் இது வெகுவாகக் குறைக்கிறது. இந்த 36ஆவது வாரம் சரியாக ஒன்பதாம் மாதம். பெண் தாய்வீட்டில் இருக்கும் காலம். ஆகவே மாத்திரைச் சீட்டும், பழைய பரிசோதனைத் தாளும், மலையில் பார்த்த மருத்துவரின் குறிப்பும் அந்தப் பயணத்தில் வளையலோடும் புடவையோடும் சேர்ந்து போக வேண்டும். தாய்வீட்டு ஊரில் புதிதாகப் பார்க்கப்போகும் மருத்துவர் அவற்றைப் பார்க்காமல் எதையும் ஊகிக்க முடியாது.

கர்ப்பிணிக்கு முதன்முறையாகப் புண் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பொதுவாக முதன்முறை வரும் புண் கடுமையானது: காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், சிறுநீர் கழிக்க முடியாத எரிச்சல், பல கொப்புளங்கள். ஆனால் சிலருக்கு லேசாகவும் வரலாம். அது உண்மையிலேயே புதிய தொற்றா, பழையது முதன்முறை வெளிப்பட்டதா என்பதைப் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியையும் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருளையும் ஒப்பிட்டு மருத்துவரால் கணிக்க முடியும். கடைசி மூன்று மாதங்களில், குறிப்பாகப் பிரசவ தேதிக்கு முந்தைய ஆறு வாரங்களில், வந்தது புதிய தொற்று என்று உறுதியானால், புண் ஆறிவிட்டாலும் சிசேரியனே பரிந்துரைக்கப்படுகிறது.

பழைய ஹெர்பிஸ் உள்ளவருக்குப் பிரசவ வழி எது என்பது வலி எடுத்த அன்று முடிவாகிறது. மருத்துவர் நல்ல வெளிச்சத்தில் பிறப்புறுப்பைக் கவனமாகப் பார்ப்பார். புண்ணும் இல்லை, முன்னோடி எரிச்சலும் இல்லை என்றால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. இருந்தால் சிசேரியன் செய்வதே பொதுவான நடைமுறை. புண் தொடையிலோ பிட்டத்திலோ மட்டும் இருந்தால், அதை மூடி ஒட்டிவிட்டுச் சுகப்பிரசவத்துக்கு விடுவதும் உண்டு. சிசேரியன் தொற்று வாய்ப்பைப் பெரிதும் குறைக்கிறது, முற்றாக நீக்குவதில்லை. சுகப்பிரசவம் என்று முடிவானால், தேவையில்லாமல் பனிக்குடத்தை உடைப்பது, இதயத்துடிப்பை அளக்கக் குழந்தையின் தலையில் மின்முனை பொருத்துவது, ஆயுதமிட்டு எடுப்பது ஆகியவற்றை முடிந்தவரை தவிர்ப்பார்கள். குழந்தையின் தலைத்தோலில் ஏற்படும் சிறு கீறலும் வைரஸுக்கு வாசலாகிவிடக்கூடும்.

சமவெளியில் இந்த முடிவு ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குத் தூக்குப்படுக்கையைத் தள்ளுவதோடு முடிந்துவிடும். மலையில் அது சாலையைப் பற்றிய கேள்வி. சுகப்பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றிலும் சிசேரியனுக்கான அறுவை அரங்கோ மயக்க மருத்துவரோ இருக்கும் என்று சொல்ல முடியாது. எஸ்டேட் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் தென்மேற்குப் பருவமழையின் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மரம் விழுந்து சாலை அடைபடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரும் நவம்பரும் மண் சரியும் மாதங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் சாலை அப்போது எந்த நேரமும் மூடப்படலாம். பழனிமலையில் மன்னவனூர், கூக்கால், பூம்பாறை போன்ற மேல்மலைக் கிராமங்களிலிருந்து கொடைக்கானலுக்கு வருவதே ஒரு பயணம், அங்கிருந்து சமவெளிக்கு இறங்குவது இன்னொன்று. எனவே ஹெர்பிஸ் உள்ள கர்ப்பிணி, பிரசவ தேதி எந்த மாதத்தில் விழுகிறது என்பதைப் பார்த்து, இரவும் பகலும் சிசேரியன் செய்யக்கூடிய மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் என்பதை 34ஆவது வாரத்துக்குள் விசாரித்து வைக்க வேண்டும். நீலகிரியில் உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தபின் பலருக்கு அந்தத் தூரம் குறைந்திருக்கிறது. பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. 108ஐ உடனே அழைத்து, புறப்படும்போதே ஹெர்பிஸ் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். தொலைவில் இருப்பவர்கள், தேதிக்குச் சில நாட்கள் முன்பே மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது இன்னும் நல்லது.

குழந்தை பிறந்தபின் தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. அசைக்ளோவிர் சாப்பிடும்போதும் கொடுக்கலாம். மார்பிலேயே புண் இருந்தால் மட்டும், அது ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைக் கொடுக்கக் கூடாது. புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால் போதும். தாயையும் சேயையும் பிரித்து வைக்கத் தேவையில்லை.

ஆபத்து தாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. பச்சிளங்குழந்தை ஹெர்பிஸில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பிறந்த பிறகு தொற்றுவது, பெரும்பாலும் யாரோ ஒருவரின் உதட்டுப் புண்ணிலிருந்து. குழந்தை பார்க்க வருகிறவர்கள் கன்னத்தில் முத்தமிடுவதும், பெரியவர் ஒருவர் விரலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு நாவில் சேனை வைப்பதும் நம் வழக்கங்கள். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்பதால் சேனை எப்படியும் வேண்டாம். முத்தத்தைப் பொறுத்தவரை, உதட்டில் புண்ணோ குறுகுறுப்போ உள்ள எவரும், அவர் பாட்டியாகவே இருந்தாலும், முதல் மாதங்களில் குழந்தையின் அருகே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்வது நல்லது. மருமகள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.

குழந்தைக்குத் தொற்றியிருந்தால் அறிகுறிகள் பிறந்த அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் முதல் நான்கு வாரங்களுக்குள், சில வேளைகளில் ஆறு வாரம் வரையிலும் வெளிப்படும். தோலிலோ கண்ணைச் சுற்றியோ வாயிலோ சிறு நீர்க்கொப்புளங்கள், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாத சோர்வு, காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டுப் போதல், வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொப்புளமே இல்லாமல் மூளையையோ கல்லீரலையோ தாக்கும் வடிவமும் உண்டு என்பதால், தோல் சுத்தமாக இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. இரத்தக் குழாய் வழியாக அசைக்ளோவிர் 14 அல்லது 21 நாட்கள் செலுத்துவது இதற்கான சிகிச்சை. உடல் முழுவதும் பரவிய நிலையில் சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலான குழந்தைகள் பிழைப்பதில்லை, தோலளவில் நிற்கும்போதே தொடங்கினால் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் பிழைக்கிறார்கள். ஆகவே ஒன்றரை மாதக் குழந்தை திடீரென்று பால் குடிப்பதை நிறுத்தினால், குளிர் தாக்கியிருக்கும் என்று கம்பளியைப் போர்த்தி விடியட்டும் என்று இருக்காமல், அந்த இரவே வண்டி பிடித்து, மருத்துவர் கேட்பதற்கு முன்பே ‘எங்களுக்கு ஹெர்பிஸ் உண்டு’ என்று சொல்லிவிட வேண்டும்.